துணி அச்சு டிசைன்களை ஒரே விலைக்கு விற்பதா, உரிமமாகக் கொடுப்பதா?

கேள்வி: பூவேலை

அனைவருக்கும் வணக்கம். கரூரில் வீட்டு உபயோகத் துணிகளை ஏற்றுமதி செய்யும் நிறுவனம் ஒன்றின் டிசைன் பிரிவில் சில ஆண்டுகள் பணிபுரிந்துவிட்டு, இரண்டாவது குழந்தை பிறந்த பிறகு வேலையை விட்டேன். மேசை விரிப்பு, கிச்சன் டவல், ஏப்ரன், குஷன் உறை ஆகியவற்றுக்கு அச்சு டிசைன் அமைப்பதே என் பணியாக இருந்தது. பையர் (வெளிநாட்டில் சரக்கு வாங்கும் நிறுவனம்) அனுப்பும் படங்களைப் பார்த்து, அதே சாயலில் இன்னொன்றைச் செய்து கொடுப்பதிலேயே அங்கு பெரும்பாலான நேரம் போய்விடும். சொந்தமாக யோசித்து வரைவதற்கு வாய்ப்பு அரிது.

வீட்டில் இருக்கத் தொடங்கிய பின் எனக்கென்று வரைய ஆரம்பித்தேன். அமராவதி, காவிரிக் கரைகளில் பார்த்து வளர்ந்த கோரை, நாணல், மீன்கொத்தி, வாழைப்பூ ஆகியவற்றை நீர்வண்ணத்தில் தீட்டி, ஸ்கேன் செய்து, கணினியில் ரிப்பீட்டாக (துணி முழுவதும் திரும்பத் திரும்ப வரும் அலகாக) அமைத்து வைத்திருக்கிறேன். இதையே தொழிலாக நடத்த வேண்டும் என்று உறுதியாக எண்ணுகிறேன். ஆனால் எந்த வழியில் தொடங்குவது என்பதில் தெளிவு இல்லை.

எனக்குத் தெரிந்த ஏற்றுமதியாளர் ஒருவர், டிசைன் ஒன்றுக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பணம் தருவதாகவும், அதன் பிறகு எல்லா உரிமையும் தம்மிடமே இருக்கும் என்றும் சொல்கிறார். ஒப்பந்தம் எதுவும் தேவையில்லை, பில் மட்டும் போதும் என்பது அவர் நிலை. தோழி ஒருத்தியோ, ஸ்பூன்ஃபிளவர் போன்ற வெளிநாட்டுத் தளங்களில் ஏற்றிவிட்டால் அவர்களே அச்சிட்டு விற்றுப் பங்கு கொடுப்பார்கள் என்கிறாள். இன்ஸ்டாகிராமில் எல்லாவற்றையும் போட்டால்தான் பையர்கள் கண்ணில் படும் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அப்படிப் போட்ட டிசைனை வேறொருவர் எடுத்து அச்சிட்டுவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் இதுவரை ஒன்றைக்கூட வெளியிடவில்லை. இத்துறையில் இருப்பவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: ஏற்றுமதிமேசை

நான் ஏற்றுமதி நிறுவனத்தில் பையர்களின் ஆர்டர்களைப் பார்த்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசராக இருப்பவன். ஏற்றுமதியாளர் ஏன் மொத்தத் தொகையை விரும்புகிறார் என்பதை முதலில் புரிந்துகொண்டால் அவரிடம் பேசுவது எளிதாகும். நாங்கள் பையருக்கு விலை சொல்லும்போது துணி, அச்சு, தையல், பேக்கிங், துறைமுகம் வரையிலான வண்டிக் கூலி எல்லாவற்றையும் கூட்டி, டவல் ஒன்றுக்கு இத்தனை சென்ட் என்று எழுதிக் கொடுத்துவிடுகிறோம். பையர் அதிலும் இரண்டு சென்ட் குறைக்கச் சொல்வார். அந்த நிலையில், விற்பனைக்கு ஏற்பக் கூடிக்கொண்டே போகும் ராயல்டி என்ற சொல்லைக் கேட்டாலே முதலாளிகள் பின்வாங்குவது இயல்பு. இன்னொரு காரணமும் உண்டு. பெரிய பையர்களின் ஒப்பந்தங்களில், இந்த டிசைன் யாருடைய உரிமையையும் மீறவில்லை என்று ஏற்றுமதியாளர் உறுதி அளிக்க வேண்டும். வழக்கு வந்தால் இழப்பை அவரே ஏற்க வேண்டும். உரிமை முழுவதும் தம்மிடம் இருந்தால் அந்த உறுதியைத் தயங்காமல் கொடுக்கலாம் என்று அவர் நினைக்கிறார்.

ஆகவே அவரிடம் ராயல்டி கேட்பதைவிட, பணத்தை இரண்டு கட்டமாகப் பிரித்துக் கேட்பதே நடைமுறைக்கு ஒத்துவரும் என்பது என் கருத்து. டிசைனைத் தேர்ந்தெடுத்து பையருக்குக் காட்டுவதற்கு ஒரு சிறு தொகை. ஆர்டர் உறுதியானால் அதைவிடப் பெரிய தொகை. ஆர்டர் வராவிட்டால், குறித்த காலத்துக்குப் பின் டிசைன் உங்களிடமே திரும்பிவிட வேண்டும். காட்டப்படும் டிசைன்களில் பெரும்பாலானவை ஆர்டராக மாறுவதில்லை என்பது அங்கே வேலை செய்த உங்களுக்கே தெரியும். அவை அனைத்துக்கும் முழு விலை கொடுக்க ஏற்றுமதியாளரால் முடியாது என்பதால்தான் ஒவ்வொன்றின் விலையும் அடிமட்டத்தில் நிற்கிறது. ஆர்டர் ஆனதற்கு மட்டும் நல்ல விலை என்று சொன்னால், அந்தத் தொகையை அவர் தம் விலைக்கணக்கில் முன்கூட்டியே சேர்த்துக்கொள்ள முடியும். உறுதிமொழியைப் பொறுத்தவரை, இது என் சொந்தப் படைப்பு என்று நீங்கள் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டால் அவருடைய கவலை பெருமளவு தீரும்.

அடுத்து, சுதந்திரமாக வேலை செய்யும் டிசைனர்கள் பலர் கவனிக்காமல் விடும் விஷயம் ஒன்று உண்டு. உங்கள் நீர்வண்ண ஓவியம் எவ்வளவு அழகாக இருந்தாலும், அது எந்த இயந்திரத்தில் அச்சாகப் போகிறது என்று தெரியாமல் அமைத்த ரிப்பீட்டை எங்களால் விலைபோட முடியாது. பெருந்துறை, ஈரோடு பக்கத்து புராசசிங் ஆலைகளில் ரோட்டரி அச்சுக்குப் (சுழலும் உருளையால் துணியில் நிறம் பதிக்கும் முறை) பொதுவாகப் பயன்படும் ஸ்கிரீன் உருளையின் சுற்றளவு 64 செ.மீ. ரிப்பீட்டின் உயரம் அதில் மீதமின்றி அடங்க வேண்டும்; 64, 32, 16 என்று வரலாம், 40 செ.மீ. என்று வந்தால் உங்கள் டிசைனை யாரோ ஒருவர் அவசரத்தில் நீட்டியோ சுருக்கியோ சரிசெய்வார், முடிவு உங்களுக்குப் பிடிக்காது. பொருளின் குறித்த இடத்தில் ஒரே காட்சியாக அமையும் பிளேஸ்மென்ட் பிரிண்டில் இது இன்னும் கடுமை. 18க்கு 28 அங்குலம் உள்ள கிச்சன் டவலில் நீளவாக்கில் ஒரு காட்சியை வரைந்தால், 28 அங்குலம் என்பது 71 செ.மீ. ஆகிவிடுகிறது, 64 ஸ்கிரீனில் அது ஏறாது. அதைவிடப் பெரிய ஸ்கிரீனுக்கோ, தட்டையான ஸ்கிரீனில் அச்சிடும் பிளாட்பெட்டுக்கோ போக வேண்டியிருக்கும், விலை மாறிவிடும்.

நிறங்களும் அப்படியே. ரோட்டரியில் ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன். நீர்வண்ணத்தின் கசிவும் மெல்லிய படிநிலைகளும் டிஜிட்டல் அச்சில் அப்படியே வரும்; ஆனால் மீட்டர் விலை கூடுதல், பெரிய ஆர்டர்களில் அது எடுபடாது. ஒரே டிசைனை டிஜிட்டலுக்கு முழு நிறத்திலும், ரோட்டரிக்கு ஆறு அல்லது எட்டு நிறத்தில் பிரித்தும் இரண்டு கோப்புகளாக வைத்திருங்கள். நிறங்களுக்குத் திரையில் தெரியும் எண்களைக் கொடுக்காமல், பருத்தித் துணிக்கான பேண்டோன் டிசிஎக்ஸ் என்ற நிற அட்டவணையின் எண்களைக் கொடுங்கள். ஸ்டிரைக் ஆஃப் (ஆலை முதலில் அச்சிட்டுக் காட்டும் மாதிரித் துணி) வந்ததும் ஒப்பிட்டுச் சொல்ல அது ஒன்றுதான் பொது அளவுகோல். இவ்வளவும் சரியாக இருக்கும் கோப்பு வந்தால், அதை அனுப்பியவரை எந்த மெர்ச்சண்டைசரும் மறக்க மாட்டார்.

பதில்: சட்டக்குறிப்பு

நண்பர் சொன்ன இரண்டு கட்ட முறை மிகவும் நல்லது. ஆனால் அதை வாய்மொழியாகவோ வெறும் பில்லாகவோ விட்டுவிடக் கூடாது. பதிப்புரிமைச் சட்டம் 1957இன் 19ஆம் பிரிவின்படி, உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும். கொடுப்பவர் கையெழுத்திட வேண்டும். எந்தப் படைப்பு, எந்தெந்த உரிமைகள், எவ்வளவு காலம், எந்த நிலப்பரப்பு, எவ்வளவு தொகை என்பவை அதில் குறிப்பிடப்பட வேண்டும். காலம் எழுதப்படாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், நிலப்பரப்பு எழுதப்படாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டமே எடுத்துக்கொள்கிறது. வாங்கியவர் ஓராண்டுக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால், வேறுவிதமாக எழுதப்பட்டிருந்தாலொழிய, அது காலாவதியாகிவிடும். எனவே “பில் போதும்” என்பது உங்களைவிட ஏற்றுமதியாளருக்கே அதிக ஆபத்து. அமெரிக்காவுக்கு அனுப்பும் சரக்குக்கு அவரிடம் எழுத்துப்பூர்வமான உரிமை எதுவும் இல்லாமல் போகிறது. இதை அவரிடம் பணிவாக எடுத்துச் சொன்னால் ஒப்பந்தத்துக்கு அவரே ஒப்புக்கொள்ள வாய்ப்புண்டு.

இனி முக்கியமான செய்திக்கு வருகிறேன். துணி டிசைன் செய்பவர்கள் அனைவரும் இதை அறிந்திருக்க வேண்டும் என்று மனமார விரும்புகிறேன். உங்கள் ஓவியத்துக்குப் பதிப்புரிமை தானாகவே உண்டு. பதிவு செய்யத் தேவையில்லை. ஆனால் அதே சட்டத்தின் 15ஆம் பிரிவு இரண்டாம் உட்பிரிவு, வடிவமைப்புச் சட்டம் 2000இன் கீழ்ப் பதிவு செய்யத் தக்க ஒரு டிசைன் பதிவு செய்யப்படாமல் இருந்து, உரிமையாளரோ அவர் அனுமதி பெற்றவரோ தொழில்முறையில் அந்த டிசைன் கொண்ட பொருளை ஐம்பது முறைக்கு மேல் உற்பத்தி செய்துவிட்டால், அந்த டிசைனில் பதிப்புரிமை முடிந்துவிடும் என்கிறது. ரோட்டரி இயந்திரம் ஓடத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே ஐம்பது டவல் என்ற எல்லை தாண்டப்பட்டுவிடும். அதன்பின் வேறொருவர் அதே டிசைனை அச்சிட்டால், இந்தியாவில் உங்கள் கையில் பிடிமானம் மிகக் குறைவு. இருக்கைத் துணி டிசைன்கள் தொடர்பான மைக்ரோஃபைபர்ஸ் வழக்கில் தில்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி 2006இலும், இரு நீதிபதிகள் அமர்வு 2009இலும் இந்த வழியிலேயே தீர்ப்பளித்தனர். ஓவியம் ஓவியமாகவே இருக்கும்வரை அதற்குப் பதிப்புரிமை தொடரும் என்றாலும், துணியில் அச்சிடுவதற்கென்றே அமைக்கப்பட்ட டிசைன் வடிவமைப்புச் சட்டத்தின் எல்லைக்குள் வந்துவிடுகிறது.

பதிவு செய்தால் பத்து ஆண்டும், நீட்டித்தால் மேலும் ஐந்து ஆண்டும் பாதுகாப்பு உண்டு. இணையவழியே விண்ணப்பிக்கலாம், தனிநபருக்கான கட்டணம் 1,000 ரூபாய். ஒரு பதிவு ஒரே வகுப்புக்குத்தான் செல்லும் என்பதால், துணிக்குப் பதிவு செய்த டிசைனைப் பீங்கான் தட்டுக்கும் பயன்படுத்த நினைத்தால் தனி விண்ணப்பம் தேவை. விண்ணப்பிக்கும் நாளுக்கு முன் அந்த டிசைன் இந்தியாவிலோ வேறெங்குமோ வெளியாகியிருக்கக் கூடாது. இன்ஸ்டாகிராமில் போட்டாலும் அது வெளியீடுதான். ஆகவே, பதிவு செய்ய எண்ணும் டிசைனை முதலில் பதிவுக்கு அனுப்பிவிட்டுப் பிறகு காட்டுங்கள். ஏற்றுமதியாளரிடம் காட்டுவதற்கும் பயப்பட வேண்டியதில்லை. நம்பிக்கையின் பேரில் இரகசியமாகக் காட்டுவதை வெளியீடாகக் கருதக் கூடாது என்று அச்சட்டத்தின் 16ஆம் பிரிவு சொல்கிறது. பதிவு செய்ய உத்தேசித்துள்ள புதிய துணி டிசைனுக்கு முதல் இரகசிய ஆர்டரை ஏற்பதும் வெளியீடாகாது என்று அது துணித் தொழிலைப் பெயர் சொல்லியே விலக்கு அளிக்கிறது. மின்னஞ்சலில் “இது இரகசியமாகக் காட்டப்படுகிறது” என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள். பின்னாளில் அதுவே சான்றாகும்.

வெளிநாடுகளில் நிலை வேறு. அமெரிக்காவில் துணி அச்சுக்குப் பதிப்புரிமையே நேரடியாகப் பொருந்துகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் பதிவு செய்யாத டிசைனுக்கும் மூன்று ஆண்டுப் பாதுகாப்பு உண்டு. உங்கள் சரக்கு எங்கே விற்கப்படுகிறதோ அந்த நாட்டுச் சட்டமே அங்கு நடக்கும் நகலெடுப்பைத் தடுக்கப் பயன்படும் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

பதில்: நீர்வண்ணம்

மேலே எழுதிய இருவருக்கும் நன்றி. நான் சில ஆண்டுகளாக வெளிநாட்டுத் துணி நிறுவனங்களுக்கும் காகிதப் பொருள் நிறுவனங்களுக்கும் டிசைன்களை உரிமமாக, அதாவது உரிமையை என்னிடமே வைத்துக்கொண்டு பயன்படுத்தும் அனுமதியை மட்டும், கொடுத்து வருகிறேன். பதிவு பற்றி நண்பர் எழுதியது முற்றிலும் சரி. ஆயினும் எல்லா டிசைனையும் பதிவு செய்ய முனைந்தால் வருமானம் வருவதற்கு முன்பே செலவு உங்களைச் சோர்வடையச் செய்துவிடும். ஒரு தொகுப்பில் முகமாக நிற்கும் டிசைன் ஒன்றோ இரண்டோதான். அவற்றை மட்டும் பதிவு செய்துவிட்டு, மற்றவற்றை ஒப்பந்தத்தின் பலத்தில் விடலாம் என்பதே என் நிலைப்பாடு. வேகமாக மாறும் துணிச் சந்தையில் பல டிசைன்களின் ஆயுள் இரண்டு பருவங்களுக்கு மேல் இல்லை.

தனித்தனி டிசைன்களாகக் காட்டாமல் தொகுப்பாகக் காட்டுங்கள் என்பதே நான் முதலில் சொல்ல விரும்புவது. உங்கள் கோரை, மீன்கொத்தி, வாழைப்பூ ஆகியவை தாமாகவே ஒரு தொகுப்புக்கு உரியவை. மீன்கொத்தியும் நாணலும் சேர்ந்த பெரிய அளவு டிசைன் ஒன்று ஹீரோவாக (தொகுப்பின் முதன்மை டிசைனாக) இருக்கட்டும். அதே நிறங்களில், கோரைத் தண்டுகள் மட்டும் கோடுகளாக ஓடும் கோஆர்டினேட் (துணை டிசைன்) ஒன்று. வாழைப்பூ மடல் சிறிய அளவில் திரும்பத் திரும்ப வரும் இன்னொன்று. தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே நிறமாகத் தெரியும் பிளெண்டர் ஒன்றிரண்டு. பிறகு எல்லாவற்றையும் இரண்டு கலர்வேயில் (நிறச் சேர்க்கையில்) செய்யுங்கள். வாங்குபவர் இவற்றைப் பார்த்ததும் மேசை விரிப்பு, நாப்கின், டவல், ஏப்ரன் என்று ஒரு முழு செட்டை மனத்தில் விரித்துக்கொள்வார். ஒற்றை டிசைனைப் பார்ப்பவருக்கு அந்த வேலை மிச்சம் இருக்கிறது. பெரும்பாலும் அவர் அதைச் செய்ய மாட்டார்.

ஸ்பூன்ஃபிளவரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அமெரிக்காவின் வட கரோலினாவில் 2008இல் தொடங்கப்பட்ட அந்தத் தளம், வாடிக்கையாளர் கேட்கும் அளவுக்கு மட்டும் துணியிலும் சுவரொட்டுத் தாளிலும் டிஜிட்டலாக அச்சிட்டு அனுப்புகிறது. வரைந்தவருக்கு அடிப்படைப் பங்கு 10 சதவீதம். தனியாக அதைக் கொண்டு குடும்பம் நடத்த முடியும் என்று நம்பி இறங்க வேண்டாம். அங்கே கடல் போல் டிசைன்கள் குவிந்து கிடக்கின்றன. ஆனால் இரண்டு பயன்கள் உண்டு. எந்தத் தேடுசொல்லுக்கு எந்த டிசைன் விற்கிறது என்று உங்களுக்குத் தெரியவரும். துணியில் அச்சான உங்கள் டிசைனை வரவழைத்துப் படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம். ஒன்றில் மட்டும் எச்சரிக்கை தேவை. அங்கே பொதுவில் விற்கப்படும் டிசைனைப் பின்னர் ஒரு நிறுவனத்துக்குத் தனியுரிமையோடு கொடுக்க முடியாது. அதனால் தளத்துக்குரிய டிசைன்களையும் உரிமத்துக்குரிய டிசைன்களையும் தொடக்கத்திலேயே தனித்தனிக் கோப்புறைகளாகப் பிரித்துவிடுங்கள்.

உரிமத்தின் உண்மையான வலிமை, ஒரே டிசைனைப் பல துண்டுகளாகப் பிரித்துக் கொடுக்க முடிவதில் இருக்கிறது. மேசைத் துணிகளுக்கு மட்டும், வட அமெரிக்காவில் மட்டும், இரண்டு ஆண்டுகளுக்கு மட்டும் என்று ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, அதே டிசைனைக் குழந்தைகளின் படுக்கை விரிப்புக்கு இன்னொருவருக்கும், பரிசுத் தாளுக்கு மூன்றாமவருக்கும் கொடுக்கலாம். ராயல்டி பெரும்பாலும் மொத்த விற்பனை விலையில் ஒற்றை இலக்கச் சதவீதமாகத்தான் இருக்கும். கையெழுத்திட்டதிலிருந்து பொருள் கடைக்கு வந்து பணம் கைக்கு வர ஓராண்டுக்கு மேல் ஆவது வழக்கம். முன்பணம் கேளுங்கள், அது ராயல்டியில் கழிக்கப்பட்டாலும், விற்காத டிசைனுக்காகத் திருப்பித் தர வேண்டியதில்லை என்று எழுதி வாங்குங்கள். இந்த நீண்ட காத்திருப்பைத் தாங்குவதற்குத்தான் கரூர் ஏற்றுமதியாளரின் உடனடிப் பணம் தேவைப்படுகிறது. அதனால் அவரை இழக்க வேண்டாம். தொடக்கத்தில் வேகமாகச் செய்யக்கூடிய எளிய டிசைன்களை அவருக்கு முழுமையாக விற்றுவிட்டு, உங்கள் கைத்தடம் ஆழமாகப் பதிந்த தொகுப்புகளை உரிமத்துக்கென்று காத்து வைக்கலாம். நானும் அப்படித்தான் நடத்துகிறேன்; முழு உரிமையோடு விற்பது மாதச் செலவைப் பார்த்துக்கொள்கிறது, உரிமம் மெதுவாகச் சேர்கிறது.

காலமும் முக்கியம். ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் ஆண்டுதோறும் ஜனவரியில் வீட்டு உபயோகத் துணிகளுக்கான ஹைம்டெக்ஸ்டில் கண்காட்சி நடக்கிறது. கரூர் நிறுவனங்கள் பல அதில் கடை போடுகின்றன. அதற்குரிய மாதிரிகளை அச்சிட்டுத் தைத்து அனுப்ப மாதங்கள் ஆகும் என்பதால், டிசைன் தேடும் வேலை ஆடி மாதம் வாக்கிலேயே தொடங்கிவிடும். மார்கழியில் போய்க் கதவைத் தட்டினால் யாருக்கும் நேரம் இருக்காது.

அமெரிக்க நிறுவனத்திடமிருந்து ராயல்டி வரும்போது டபிள்யூ-8பென் என்ற அமெரிக்க வரிப் படிவம் கேட்பார்கள். அதில் உங்கள் பான் எண்ணையும் இந்திய-அமெரிக்க வரி உடன்படிக்கையையும் குறிப்பிட்டால், அங்கே பிடிக்கும் வரி 30 சதவீதத்துக்குப் பதில் 15 சதவீதமாகும். அப்படிப் பிடித்ததற்கு இங்கே வருமான வரியில் வரவு கோரலாம். ஒரு கணக்காயரிடம் ஒருமுறை உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

பூவேலை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஒவ்வொரு பதிலையும் பலமுறை படித்தேன். இன்னும் ஒரு சந்தேகம் இருக்கிறது. நிறுவனத்தில் இருந்தபோது ஓய்வு நேரத்தில் வீட்டில் தீட்டிய நாணல் ஓவியங்கள் சிலவற்றை, பிறகு அலுவலகக் கணினியில் ரிப்பீட்டாக அமைத்து ஒரு பையருக்குக் காட்டியிருந்தோம். ஆர்டர் வரவில்லை. அவற்றை என் தொகுப்பில் சேர்க்கலாமா?

பதில்: சட்டக்குறிப்பு

பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, வேலையின் ஒரு பகுதியாக ஊழியர் உருவாக்கியதற்கு, மாறான ஒப்பந்தம் இல்லையெனில், முதல் உரிமையாளர் முதலாளியே. வீட்டில் உங்கள் நேரத்தில் தீட்டிய மூல ஓவியம் உங்களுடையது என்று வாதிடலாம். அலுவலகத்தில் அமைத்து அவர்கள் பெயரில் பையருக்குக் காட்டிய ரிப்பீட்டை அவர்களுடையதாகவே கருதுவது பாதுகாப்பு. பழைய பணி நியமனக் கடிதத்தை எடுத்து, அதில் உரிமை பற்றிய வரி உள்ளதா என்று பாருங்கள். பின்னாளில் ஒப்பந்தத்தில் “இது முழுவதும் என் படைப்பு” என்று கையெழுத்திடப் போவது நீங்கள் என்பதால், சந்தேகமுள்ள எதையும் தொகுப்பில் வைக்க வேண்டாம்.

பதில்: ஏற்றுமதிமேசை

பழைய நிறுவனத்தோடு நல்ல உறவு இருந்தால், ஆர்டர் ஆகாத அந்த டிசைன்களில் தங்களுக்கு உரிமை கோரல் இல்லை என்று ஒரு கடிதம் கேட்டுப் பாருங்கள். சிலர் மகிழ்ச்சியோடு கொடுப்பார்கள். கொடுக்காவிட்டால், நாணலைப் புதிதாகவே தீட்டிவிடுங்கள். பழைய கோப்பைத் திறக்காமல், ஆற்றங்கரையில் உட்கார்ந்து நேரில் பார்த்து வரைந்து, வரையும் ஒவ்வொரு தாளிலும் தேதியிட்டு வைத்துக்கொள்ளுங்கள். ரிப்பீட் அளவை 64 செ.மீ.க்கு ஏற்ப அமைத்ததும் எனக்குத் தனிச்செய்தியில் சொல்லுங்கள். ஸ்டிரைக் ஆஃப் எடுக்கச் சிறு அளவு வேலைகளையும் ஏற்கும் ஆலைகளின் விவரத்தைத் தருகிறேன்.